நடுவில் ஒரு தூண்

“எனக்காக ஒரு வார்த்தை பேசியிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் டீச்சர்?”

தண்டாயுதபாணி அண்ணன் ஜீப்பின் முன்சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

டீச்சர் பின்சீட்டில் வறுத்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார்.

“அத்தனை பேர் முன்னாடி என்னைக் கோமாளி ஆக்குனாங்க. நீங்க பாட்டுக்குக் கடலை உரிச்சுக்கிட்டு இருக்கீங்க.”

டீச்சர் ஒரு பிடி கடலையை அவரிடம் நீட்டினார்.

அவர் வாங்கவில்லை. நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஜீப் ஓட்டுகிறவனுக்குக் கோபம் இருந்தாலும் பசிக்கும்.

எனக்கும் கோபம்தான். இல்லை என்று சொன்னால் பொய். நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கும் வரும்.

ஊத்துக்கானல் மலையில் காப்பித் தோட்டக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. போன வருஷப் புயலில் அவர்கள் தோட்டங்களில் நிழலுக்கு நின்ற சில்வர் ஓக் மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. கீழே இருந்து வந்த வியாபாரி விறகு விலைக்குக் கேட்டான். போடா என்று விரட்டிவிட்டு, நாமே அறுப்போம், நாமே கட்டிலும் மேசையும் செய்வோம் என்று சங்கம் முடிவு செய்தது. நல்ல முடிவு. அதற்கு ஒரு பட்டறைக் கொட்டகை வேண்டும்.

முழு மரத்தை உள்ளே வைத்துத் திருப்பி அறுக்க வேண்டும். ஐம்பதடி அகலம், நடுவில் எதுவும் நிற்கக் கூடாது. இரும்பு கர்டர் போடலாமென்றால், அத்தனை நீள இரும்பை ஏற்றிய லாரி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் திரும்பாது. சாய்ந்த மரம்தான் மலைமலையாகக் கிடக்கிறதே. அதிலேயே கூரையைத் தாங்கும் டிரஸ் செய்துவிடலாம் என்று எங்கள் டீச்சரிடம் வந்தார்கள்.

டீச்சர் பெயர் வியாகுலமேரி. முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். அதை விட்டுவிட்டு மலையடிவாரத்தில் ஒரு கொட்டகை போட்டு, மரக் கட்டுமானம் வரைந்து கொடுக்கிறார். நாங்கள் சிலபேர் அவரிடம் வேலை கற்றுக்கொள்கிறோம். அவர் பேசுவது குறைவு. இத்தனை வருஷம் பாடம் நடத்தினவருக்குப் பேச்சு எங்கே போயிற்று என்று நாங்களே கேட்டுக்கொள்வோம்.

அண்ணன் டீச்சரைவிடப் பத்து வயது மூத்தவர். கல்யாண மண்டபங்களுக்கு இரும்புக் கூரை போட்ட காண்ட்ராக்டர். மண்டபம் மண்டபமாகப் போட்டும் ஒரு கூரையைக்கூட அவர் தானாக வரைந்ததில்லை. கன்சல்டன்ட் வரைவார், இவர் தூக்கி நிறுத்துவார். அது மனதில் உறுத்திக்கொண்டே இருந்து, ஒருநாள் தொழிலை மகனிடம் விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

ஊத்துக்கானல் கொட்டகைதான் அவர் கையால் வரைந்த முதல் கூரை. அது நிற்கவில்லையென்றால் அவரும் இனி நிற்கமாட்டார். அது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

அவர் வரைந்த டிரஸ் பார்க்க எளிது. ஒரு ஏணியைப் பக்கவாட்டில் நிமிர்த்திச் சுவருக்குச் சுவர் வைத்த மாதிரி இருக்கும். மேலே நீளமாக ஒரு மரச்சட்டம், கீழே நீளமாக ஒரு மரச்சட்டம். இரண்டையும் இழுத்துப் பிடிக்க இடையிடையே நட்டு போட்ட இரும்புக் கம்பி. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் சாய்வாக ஒரு கட்டை, தொடைப் பருமனுக்கு.

இந்தச் சாய்கட்டைக்கு ஆணி கிடையாது, போல்ட்டும் கிடையாது. சட்டத்தில் வெட்டிய குழியில் இரண்டு முனையும் உட்கார்ந்திருக்கும். மேலிருந்து கூரையின் கனம் அழுத்த அழுத்த அது இறுகிக்கொள்ளும்.

ஆணி ஏன் வேண்டாம் என்று ஆச்சாரிகள் கேட்டார்கள். காரணம் உண்டு. மரம் காயக் காயச் சுருங்கும். ஆணி அடித்துவிட்டால் கட்டை தளர்ந்தது வெளியே தெரியாது. ஆணி இல்லையென்றால் ஒரு தட்டு தட்டினால் தெரிந்துவிடும், கம்பியின் நட்டை முடுக்கிக்கொள்ளலாம்.

அண்ணனுக்கு இதெல்லாம் தலைகீழாகத் தெரியும். ஆனால் ஆச்சாரிகளிடம் அவர் சொன்னது இது:

“டீச்சர் சொல்லியிருக்காங்க.”

எதைக் கேட்டாலும் அவர் வாயில் அதுதான் வரும்.

படத்தை வரைந்து கொண்டுவந்து மேசையில் விரிப்பார். “சரியா டீச்சர்?”

டீச்சர் குனிந்து பார்ப்பார். நிமிர்வார். “உங்களுக்கு?”

இவர் தாளைச் சுருட்டிக்கொண்டு போய் மறுபடி முதலிலிருந்து கணக்குப் போடுவார். கணக்கு சரியாகவே வரும். மறுநாள் வந்து அதே தாளை விரிப்பார். “சரியா டீச்சர்?”

“உங்களுக்கு?”

ஆண்டவா என்று இருக்கும் எனக்கு. ஆமாம் என்று ஒரு தலையாட்டு ஆட்டினால் அந்த மனுஷன் நிம்மதியாகச் சோறு தின்பான் அல்லவா?

அப்புறம் சங்கத்தில் கூட்டம். அதிலிருந்துதான் அன்று நாங்கள் ஜீப்பில் மலை இறங்கி வந்துகொண்டிருந்தோம்.

சங்கத் தலைவர் காசிமாயன். கெட்டவர் இல்லை. புயலில் அவர் வீட்டு ஓடு மொத்தமாகப் பறந்து போனதிலிருந்து எந்தக் கூரைக்குக் கீழே போனாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருப்பார். படத்தைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, இம்புட்டு அகலத்துக்கு நடுவில் ஒரு தூண் வைத்தால் என்ன என்பது.

மரத்தைத் திருப்ப முடியாதே என்றார் அண்ணன். நாங்கள் ஒதுக்கித் திருப்பிக்கொள்கிறோம் என்றார்கள். இந்த டிரஸ்ஸின் நடுவில் தூணை வைத்துத் தூக்கினால் சாய்கட்டை தளர்ந்துவிடும் என்றார் அண்ணன்.

அதற்குத்தான் சிரித்தார்கள். தாங்கினால் தளருமாம், முட்டுக் கொடுத்தால் விழுமாம், கேட்டியாப்பா கதையை என்று ஒருவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“யாரு சொன்னது இதெல்லாம்?” என்றார் காசிமாயன்.

“டீச்சர் சொல்லியிருக்காங்க.” அண்ணன் டீச்சர் பக்கம் திரும்பினார். கூட்டமே திரும்பியது.

டீச்சர், “வரைஞ்சது அவர்” என்றார். அத்தோடு சரி. கடலைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்.

கடைசியில் சங்கத்தார் சம்மதித்தார்கள். எப்படிச் சம்மதித்தார்கள் தெரியுமா? செய்யுங்கய்யா, விழுந்தா உங்க தலையில என்று.

கடலையை வாங்காத அண்ணன் ஜீப் அடிவாரம் வரும்வரை முன்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது, ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று என்னிடம் சொன்னார். டீச்சர் காதில் விழுகிற மாதிரிதான் சொன்னார்.

டீச்சர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

*

டிரஸ் எல்லாம் ஏறியது. தகரமும் ஏறியது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூரை ஏற்றும்போது அடியில் தற்காலிகமாகக் கொடுத்த முட்டுகளைக் கடைசியில் தட்டி எடுப்பது வரைந்தவர் வேலை. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவர் மட்டும் கூரைக்கு அடியில் நின்று தட்ட வேண்டும். மற்றவர்களை நிற்க வைத்து வேடிக்கை பார்க்கிற வேலை எங்களிடம் கிடையாது.

அண்ணன் சுத்தியலைக் கையில் எடுத்துவிட்டு டீச்சரைக் கூப்பிட்டார். நீங்களும் உள்ளே வந்து நில்லுங்கள், எனக்குத் தைரியமாக இருக்கும் என்றார்.

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு போய் நின்றார்.

அண்ணன் ஒவ்வொரு அடிக்கும் டீச்சர் முகத்தைப் பார்த்தார். கூரையைப் பார்க்கவே இல்லை. கடைசி முட்டு விழுந்தபோது கூரை ஒரு விரல்கடை இறங்கியது. மரம் நறநறவென்றது. சாய்கட்டைகள் குழியில் அழுந்தி உட்கார்ந்தன. நின்றது.

வெளியே வந்து அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காசிமாயனிடம், சங்கத்தார் எல்லோரும் கேட்கும்படி, “டீச்சர் நின்னாங்க, அதனால நின்னுச்சு” என்றார்.

சங்கத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தார்கள். டீச்சர் அதைத் தொடவில்லை. முகம் சுண்டிப் போய் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் வெகுநாள் அவர் ஊத்துக்கானலுக்கு வரவே இல்லை.

*

ஐப்பசியில் ஒரு மத்தியானம் மலையில் காற்று சுழற்றி அடித்தது. கொட்டகை முனகியது. மரக்கூரை என்றால் காற்றில் முனகத்தான் செய்யும். ஆனால் காசிமாயனுக்குக் குலை நடுங்கிவிட்டது.

எங்களுக்குப் போன் செய்தாரா? ஒரு வார்த்தை கேட்டாரா? கிடையாது. எவன் தோட்டத்திலிருந்தோ நல்ல பருமனான பலாமரம் ஒன்றை வெட்டி வந்தார்கள். நடு டிரஸ்ஸின் கீழ்ச்சட்டத்தை ஒட்டி அதை நிமிர்த்தி, உச்சியை மேல்சட்டத்தின் நடுவயிற்றில் முட்ட வைத்தார்கள். லாரி ஜாக்கியை அடியில் கொடுத்து, கூரையே எழும்புகிற அளவுக்கு மேலே தூக்கி, கல்லை வைத்து, ஆப்பை அறைந்துவிட்டார்கள்.

அதோடு விட்டார்களா? தூணுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை.

காற்று நின்றது. அது நிற்கிற நேரம், நின்றது. தூண் வைத்ததால்தான் கூரை தப்பித்தது என்று ஊர் முழுக்கப் பேச்சு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்பது இதுதான். வரைந்தவன் பெயரைச் சொல்ல நாதி இல்லை. பலாமரத்துக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள்.

செய்தி கேட்டு அண்ணன் டீச்சரின் கொட்டகைக்குள் செருப்போடு நுழைந்தார். அதுவரை அவர் அப்படிச் செய்ததே இல்லை.

“தூண் வச்சுட்டானுங்க டீச்சர்.”

டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

மேசை மேல் மூங்கில் குச்சியில் செய்த சின்ன டிரஸ் ஒன்று எப்போதும் இருக்கும். பசை போடாமல் செய்தது. டீச்சர் அதன் தலையில் ஒரு புத்தகத்தை வைத்தார். குச்சிகள் இறுகி நின்றன. பிறகு மேல்குச்சியின் நடுவில் ஒரு விரலைக் கொடுத்து லேசாகத் தூக்கினார்.

நடுவில் இருந்த சாய்குச்சிகள் இரண்டும் டிக் டிக் என்று மேசையில் விழுந்தன.

“இது எனக்குத் தெரியாதா?” அண்ணன் கத்தினார். “இது தெரியாமலா வரைஞ்சேன்? தெரியாதவன் அவன். அவன்கிட்ட வந்து இதைச் செஞ்சு காட்டுங்க. நான் சொன்னா சிரிக்கிறான், நீங்க சொன்னா கும்பிடுவான். அடியில ஆளுங்க வேலை செய்யிறாங்க டீச்சர். கட்டை கழண்டு விழுந்தா மண்டை பிளந்துரும்.”

டீச்சர் விழுந்த குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் பொருத்தினார். விரலை எடுத்தார். குச்சிகள் இறுகின.

“ஜீப் சாவி ஆணியில தொங்குது” என்றார்.

“நீங்க?”

டீச்சர் பேனாவை மறுபடி கையில் எடுத்தார்.

அண்ணன் சாவியை எடுத்தார். “நான் வச்சிருந்த கன்சல்டன்ட் காசு வாங்குனாலும் கூடவே வந்து நின்னான். உங்ககிட்ட வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். இன்னையோட சரி டீச்சர்.”

டீச்சர் வாசல்வரை வந்து நின்றார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது. ஒரு ஆள் கதறுகிறான், குச்சி அடுக்குகிறார்.

*

நாங்கள் போனபோது கொட்டகைக்குள் மரம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். அறுக்கிறவர்கள் நான்கைந்து பேர், நீள மரத்தைச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சுற்றுகிறார்கள். நடுவில் தூண். மரத்தின் முனை வந்து தூணை இடித்தது. மாலையிலிருந்து செவ்வந்திப் பூ கொட்டியது.

அண்ணன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

மரத்தை இறக்கச் சொல்லிவிட்டு ஏணி போட்டு ஏறினார். தூணை ஒட்டி இருந்த சாய்கட்டையைத் தட்டினார். லொடலொடவென்றது. தொடைப் பருமன் கட்டை, ஆணி இல்லை, அழுத்தமும் இல்லை. ஒரு கையைக் கொடுத்தார், பல் விழுவது போல் குழியிலிருந்து வந்துவிட்டது. மறுபக்கமும் அப்படியே.

இரண்டையும் தோளில் போட்டு இறங்கி வந்து காசிமாயன் முன்னால் வைத்தார்.

“தலைவரே, கையால எடுத்தேன். சுத்தியல்கூட இல்ல. உங்க தூண் மேலே தூக்குனதுல இது ரெண்டும் சும்மா கிடக்குது. கீழே வேலை பார்க்கிறவன் தலையில விழுந்தா யார் பதில் சொல்றது?”

கூட்டம் கட்டைகளை எட்டிப் பார்த்தது. எனக்கு உள்ளுக்குள் குதூகலம். இனி என்ன சொல்லுவார் என்று காசிமாயன் முகத்தையே பார்த்தேன்.

காசிமாயன் கட்டைகளைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தூணைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

“பாத்தீங்களாப்பா? வச்ச கட்டை கையோட கழண்டு வருது. நம்ம தூண் மட்டும் இல்லேன்னா இந்நேரம் அம்புட்டுப் பேரும் சமாதி.”

ஐயோ. என்னவென்று சொல்ல? குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். தளர்த்தியது தூண். தளர்ந்ததைக் காட்டினால், அதற்கும் தூணுக்கே கும்பிடு. எல்லா டிரஸ்ஸுக்கும் ஒவ்வொரு தூண் வைத்துவிடலாம் என்று அங்கேயே பேச ஆரம்பித்துவிட்டார்கள். கழன்ற கட்டையைத் திரும்ப ஏற்றும்வரையாவது அறுப்பை நிறுத்துங்கள் என்று அண்ணன் கெஞ்சினார். யாரும் காதில் வாங்கவில்லை.

“யாரு வரைஞ்சாலும் நடுவுல ஒரு பிடிமானம் வேணும் இன்ஜினீயரே” என்றார் ஒருவர்.

அந்த நேரத்தில்தான் மத்தியான பஸ் வந்து நின்றது. டீச்சர் இறங்கினார்.

நேரே கொட்டகைக்கு வருவார் என்று பார்த்தேன். வரவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் போய், பெஞ்சில் உட்கார்ந்து, டீ சொன்னார்.

சங்கத்தாரும் பார்த்துவிட்டார்கள். காசிமாயனே, அந்தா டீச்சரம்மா வந்துட்டாங்க, அவுங்க வந்து வேணாம்னு சொல்லட்டும், இப்பவே தூணைப் பிடுங்கிடுறோம் என்றார். நிஜமாகத்தான் சொன்னார்.

ஒரு வார்த்தை. எழுந்து வந்து ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது.

அண்ணன் ரோட்டைத் தாண்டி ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

“உள்ளே வாங்க டீச்சர். நீங்க சொன்னா கேக்குறோம்னு அவங்களே சொல்லிட்டாங்க.”

“கேப்பாங்க” என்றார் டீச்சர்.

“அப்புறம் என்ன? வாங்க.”

“வந்து எங்கே நிக்கட்டும்?”

“எங்கேயா? உள்ளேதான். நடுவுல வந்து...”

அண்ணன் நிறுத்தினார்.

டீச்சர் டீயை ஊதிக் குடித்தார்.

அண்ணன் திரும்பிக் கொட்டகையைப் பார்த்தார். வாசல் வழியே நடுத் தூண் தெரிந்தது, சந்தனமும் மாலையுமாக. டீச்சரைப் பார்த்தார். மறுபடி தூணைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபம் போகவில்லை. ஆனால் அது டீச்சர் மேல் இருந்து எழுந்து வேறு எங்கேயோ போய் உட்கார்ந்தது.

திரும்பி ரோட்டைத் தாண்டினார்.

அறுக்கிறவர்களை வெளியே போகச் சொன்னார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. போனார்கள். இரண்டு சாய்கட்டைகளையும் ஏற்றி அதனதன் குழியில் வைத்தார். தட்டிப் பார்த்தார். ஏணியை நகர்த்தி நகர்த்தி, ஒவ்வொரு கம்பியின் நட்டையும் ஸ்பானரால் முடுக்கினார். அவசரமே இல்லை. சங்கத்தார் என்ன செய்கிறாய் என்று கேட்டுக்கொண்டே நின்றார்கள்.

இறங்கி வந்து தூணிலிருந்து மாலையைக் கழற்றினார். கீழே போடவில்லை. கொண்டுவந்து காசிமாயன் கையில் கொடுத்தார்.

“வெளியே நில்லுங்க தலைவரே. எல்லாரும்.”

தூணின் கழுத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, நுனியை என்னிடம் கொடுத்து, வாசலுக்கு வெளியே இருந்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார். நான் உள்ளேயே நிற்கிறேன் அண்ணே என்றேன். முறைத்தார். வெளியே வந்தேன்.

சுத்தியலை ஓங்கினார்.

முதல் அடிக்கு ஆப்பு அசையவில்லை. இரண்டாவதற்கு அசைந்தது. கூரை முனகியது. தகரத்திலிருந்து தூசி இறங்கியது. என் பக்கத்தில் ஒருவர் முருகா முருகா என்றார்.

அண்ணன் டீக்கடைப் பக்கம் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். டீச்சர் கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தார். கை முந்தானையைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்தபிறகுதான் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் போயிற்று.

அண்ணன் மேலே பார்த்துக்கொண்டே அடுத்த அடியை அடித்தார். ஆப்பு தெறித்தது.

நறநறவென்று மரம் இறங்கும் சத்தம். ஒரு விரல்கடைதான் இறங்கியிருக்கும், ஆனால் மலையே இறங்கியது போல் கேட்டது. சாய்கட்டைகள் குழியில் உட்காரும் சத்தம், ஒன்று, இன்னொன்று. தூண் ஆடியது. நான் கயிற்றை இழுத்தேன். வாசலைப் பார்த்து விழுந்து, புழுதி கிளப்பிக் கிடந்தது.

புழுதி அடங்கியது. ஐம்பதடிக்கு நடுவில் அண்ணன் மட்டும் நின்றார்.

காசிமாயன் முன்னால் ஓடி வந்தார். கையில் மாலையோடு வாசல் படியில் நின்று கத்தினார்.

“யாரைக் கேட்டுய்யா எடுத்த? டீச்சரம்மா வாயே திறக்கலையே. கூரை நிக்கும்னு யாரு சொன்னது?”

“நான் சொல்றேன்” என்றார் அண்ணன். “உள்ளே வாங்க.”